அத்தையின் வகுப்பு

திருவள்ளூர்
செப்டம்பர் 14

மரியே வாழ்க.

அன்பு ஏஞ்சலுக்கு ஆரோக்கியமேரி அத்தை எழுதுவது. இங்கே நானும் ஜோசப் மாமாவும் சுகம். அங்கே அண்ணன், அண்ணி, ராபின், நீ எல்லோரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அண்ணனுக்கு மூச்சு இரைப்பு இப்போது தேவலையா?

என் போனை நீ எடுப்பதில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். தினமும் இரண்டு பஸ் மாறி கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்து பாடம் நடத்திவிட்டுத் திரும்புகிறவள் நான். உங்கள் வீட்டுக்கு ஒரு ஷேர் ஆட்டோ தூரம். ஆனாலும் வாசலில் வந்து நின்றால் நீ எழுந்து உள்ளே போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உனக்குத் தெரிந்திருக்கும். வேலையில் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டுமாம். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. எனக்கு அதைவிட நிறைய இருக்கிறது. நான் வேலைக்கு வந்த காலத்தில் இந்தத் தேர்வே கிடையாது. பயிற்சி முடித்தோம், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தோம், முறை வந்தது, கூப்பிட்டார்கள். உனக்கும் அதே வழியைத்தான் காட்டினேன்.

நீ சின்ன வகுப்புகளுக்கான முதல் தாளில் தேறியவள். உன் குறிப்புகள் இருந்தால் எனக்குக் கொடுப்பாயா? நவம்பரில் தேர்வு. மாமாவிடம் இன்னும் விவரமாகச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று மட்டும் அவர் காதில் விழுந்தால் சாப்பிட மாட்டார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அத்தை


கும்மிடிப்பூண்டி
செப்டம்பர் 28

அன்புள்ள அத்தைக்கு,

இங்கு அனைவரும் நலம். அப்பாவுக்கு மழை வந்தால் இரைப்பு, வெயில் வந்தால் பரவாயில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிப்புகளைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கணக்கும் குழந்தை மேம்பாடும் முழுதாக இருக்கின்றன. சூழ்நிலையியலில் சில பக்கங்களை எலி தின்றுவிட்டது.

நீங்கள் காட்டிய வழியில்தான் வந்தேன். பன்னிரண்டாவது முடித்ததும் திரூர் டயட் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இரண்டு வருடம் பட்டயம். பிறகு டெட். தேறினால் வேலை என்றார்கள், தேறினேன். பிறகு அது தகுதி மட்டும்தான், வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்றார்கள், அதையும் எழுதினேன். தேர்ச்சிச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. வகுப்பு உங்களிடம் இருக்கிறது. இதை வருத்தத்தில் எழுதவில்லை, உள்ளதை எழுதுகிறேன்.

என் பெயர் இல்லாமல் பட்டியல் வந்த மாதம் ராபின் அண்ணன் நிச்சயதார்த்தத்தில் எல்லோர் முன்னாலும் நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னதை நான் மறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் பேச வேண்டாம். பேசினால் எனக்கு வார்த்தை சரியாக வராது. இப்படியே எழுதுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஏஞ்சல்


திருவள்ளூர்
அக்டோபர் 19

மரியே வாழ்க.

அன்பு ஏஞ்சலுக்கு, நலம். உங்கள் நலம் தொடர ஜெபிக்கிறேன். பார்சல் வந்தது. உன் கையெழுத்து அப்படியே இருக்கிறது, 'ழ'வுக்கு வால் நீளம்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் நாளில் படிக்கிறேன். குழந்தை மேம்பாடு மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் குழந்தையை நான்கு நிலை, ஐந்து நிலை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். யார் எதைச் சொன்னார் என்பது மாறிப்போகிறது. இருபது வருடம் அந்தக் குழந்தைகளோடே இருந்தும் அந்தப் பெயர்கள் எனக்குத் தேவைப்படவில்லை. இப்போது பெயர்தான் கேட்கிறார்கள்.

பள்ளியில் தலைமையாசிரியர் துளசிராமன் சாருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கிறார். "டீச்சர், நீங்க பாஸ் பண்ணிடுவீங்க" என்று தினமும் சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் புத்தகத்தைப் பைக்குள் ஒளித்துக்கொள்கிறேன்.

பின்னக் கணக்கில் எனக்கு விளங்காததை இதோடு எழுதியிருக்கிறேன். நேரம் இருந்தால் விளக்கு. உன் ஷிப்ட் எப்படி? சாப்பாடு கம்பெனியிலேயே போடுகிறார்களா?

அத்தை


கும்மிடிப்பூண்டி
நவம்பர் 2

அன்புள்ள அத்தைக்கு,

நலம். கல்லறைத் திருநாளுக்குத் தாத்தாவின் கல்லறையில் உங்கள் பேரையும் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

பின்னங்களை வழி போட்டு எழுதியிருக்கிறேன். சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு இட்லியை வெட்டுவதுபோல் நினைத்துக்கொண்டு போட்டால் வந்துவிடும். அந்த அறிஞர்களைப் பற்றி நான் செய்தது இதுதான்: ஒவ்வொரு பெயரையும் நம் தெருவில் ஒருவர் தலையில் கட்டிவிட்டேன். தண்டித்தால்தான் குழந்தை திருந்தும் என்பவர் மளிகைக்கடைக்காரர். தானாகக் கற்றுக்கொள்ளும் என்பவர் எங்கள் அம்மா. பிறகு மறக்கவில்லை.

சாப்பாடு கம்பெனியில்தான். காருக்குப் போகும் வயர்களைக் கட்டாகக் கட்டுகிறோம். நின்றபடி வேலை. எனக்கு அடுத்து நிற்பவள் தமிழ்செல்வி, பி.எட். முடித்தவள். பி.எட். இருந்தால் சின்ன வகுப்புக்கும் போகலாம் என்று நம்பிப் படித்தாள். அதற்குப் பிறகு பி.எட். காரர்கள் ஒன்று முதல் ஐந்துக்குத் தகுதியில்லை என்று தீர்ப்பு வந்தது. "நீ சின்ன ரூட்ல வந்த, நான் பெரிய ரூட்ல வந்தேன். ரெண்டு பேரும் இங்கதான நிக்கறோம்" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள்.

தேர்வு முடிந்ததும், எப்படி எழுதினீர்கள் என்று எழுதுங்கள்.

ஏஞ்சல்


திருவள்ளூர்
டிசம்பர் 21

மரியே வாழ்க.

அன்பு ஏஞ்சலுக்கு, கிறிஸ்து பிறப்பு வாழ்த்துக்கள். நவம்பர் கடைசியில் நீ விசாரித்து எழுதியதும் வந்தது. உடனே பதில் எழுத முடியவில்லை. கோபிக்காதே.

தேர்வுக்கூடத்தில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றாம் வகுப்பில் 'அ' போடச் சொல்லிக்கொடுத்த கங்கம்மா. "டீச்சர், நீங்க சூப்பர்வைசரா வந்துகிறீங்களா?" என்றாள். நானும் எழுதத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். உட்காரும்மா என்றேன். அதற்குப் பிறகு எதைப் படித்தேன், எதைக் குறித்தேன் என்று ஞாபகமில்லை. பாதியில் உடம்பும் சரியில்லாமல் போயிற்று. கடைசிப் பக்கங்களை நான் பார்க்கவே இல்லை.

ஜனவரியில் ஒரு சின்ன ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை. ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தது, இனி முடியாது என்கிறார் டாக்டர். விடுப்பில் இருக்க வேண்டும். அதுவரை என் வகுப்புக்கு யாரையாவது தற்காலிகமாக வைக்கப் பள்ளி மேலாண்மைக் குழு சம்மதித்திருக்கிறது. தகுதி உள்ளவர் வேண்டும். துளசிராமன் சார் என்னிடம் கேட்டார். நான் உன் பெயரைச் சொன்னேன்.

சம்பளம் கம்பெனியைவிடக் குறைவு. நான் திரும்பும்வரைதான். கம்பெனியில் திரும்ப எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. யோசித்து எழுது. வேண்டாம் என்றால் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அத்தை


கும்மிடிப்பூண்டி
ஜனவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சின்ன ஆபரேஷன் என்று எழுதினீர்கள். கர்ப்பப்பையையே எடுத்திருக்கிறார்கள் என்று மாமா அப்பாவிடம் சொன்னார். குனியாதீர்கள், தண்ணீர்க் குடம் தூக்காதீர்கள்.

நான் வகுப்பில் இருக்கிறேன். உங்கள் மேசையில்தான் இதை எழுதுகிறேன். குழந்தைகள் சத்துணவுக்குப் போயிருக்கிறார்கள்.

கம்பெனியிலிருந்து நின்றது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இன்னாத்துக்கு உட்டுட்டு வந்த? உங்க அத்த ஒடம்பு தேறி வந்தா, நீ போம்மான்னுவாங்க. அப்ப எந்த கேட்ல போய் நிப்ப?" என்றார். முதல் நாள் காலை நான் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, சைக்கிளைத் துடைத்துக் கொடுத்தார்.

முதல் மணி நேரம் பலகையில் தேதியை மட்டும் எழுதிவிட்டு நின்றேன் அத்தை. பயிற்சியில் நாற்பது பாடக்குறிப்பு எழுதியவள். பயிற்சி முடிந்த பிறகு அதில் ஒன்றைக்கூட உயிரோடு இருக்கும் குழந்தைக்கு நடத்தவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

ஒடிசாவிலிருந்து வந்த லிப்ஸா தீபாவளிக்குப் பிறகு சேர்ந்தாள் என்று சார் சொன்னார். அப்பா இரும்பு ஆலையில் வேலை. யாரோடும் பேசுவதில்லை. நான் நேற்று தமிழில் எதுவும் கேட்கவில்லை. கம்பெனியில் ஒடியாப் பெண்களிடம் கற்ற ரெண்டு வார்த்தையில் சாப்பிட்டாயா என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் வந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் வருகிறார்கள். மணி அடித்துவிட்டது.

ஏஞ்சல்


திருவள்ளூர்
பிப்ரவரி 8

மரியே வாழ்க.

அன்பு ஏஞ்சலுக்கு, தையல் ஆறிவிட்டது. மெல்ல நடக்கிறேன். மாமா ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார், அதைக் குடிப்பதுதான் கஷ்டம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சந்தோஷமாக இருந்தது. பிறகு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

ஜன்னல் ஓரம் உட்காருகிற பையனுக்குக் கண் சரியாகத் தெரியாது, முன்னால் கொண்டுவா. இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத அரும்பு நிலைக் குழந்தைகளுக்கு அட்டைகள் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. பலகையின் வலது மூலையில் எழுதாதே, வெளிச்சம் அடித்து யாருக்கும் தெரியாது. இதெல்லாம் நீயே கண்டுபிடித்திருப்பாய். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டெட் ரிசல்ட் வந்துவிட்டது, தேறியவர்களில் என் எண்ணைத் தேடினேன். இல்லை. மாமாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டார். வேலையில் இருப்பவர்களுக்கு மறுபடி தேர்வு வைப்பார்கள் என்கிறார்கள். படுத்தபடியே படிக்கிறேன். கணக்கில் திரும்பவும் மாட்டிக்கொண்ட இடங்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். முன்போல வழி போட்டு அனுப்பு. நீ எழுதினால்தான் விளங்குகிறது.

அத்தை


கும்மிடிப்பூண்டி
மார்ச் 1

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் உடல்நலம் நாளுக்கு நாள் தேறி வருவதற்குக் கர்த்தருக்கு நன்றி. இங்கு அனைவரும் நலம்.

லிப்ஸா நேற்று 'மரம்' என்று எழுதினாள். வகுப்பே கை தட்டியது. கண் சரியாகத் தெரியாத பையனைக் கண் டாக்டர் முகாமுக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி போட்டாயிற்று. ரொம்பப் பெரிய கண்ணாடி. மற்றவர்கள் கேலி செய்யாமல் இருக்க, அவனைக் கண்ணாடி டீச்சர் என்று ஒருநாள் பாடம் நடத்தச் சொன்னேன். வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வந்தார். பாட்டோடு சேர்த்து எண் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எத்தனை வருஷ சர்வீஸ்மா?" என்று கேட்டார். துளசிராமன் சார்தான் நான் தற்காலிகம் என்று சொன்னார்.

பெற்றோர் கூட்டத்தில் இந்த முறை நிறையப் பேர் வந்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்தவர்கள்கூட இருந்தார்கள்.

நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம் அத்தை. இந்த ஆபரேஷனுக்கு ஆறு மாதம் ஓய்வு வேண்டும் என்று எங்கள் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா சொல்கிறார். பஸ் குலுக்கல் உங்களுக்கு ஆகாது. சாரும், "மெதுவா வரட்டும்மா, நீ இருக்கற வரைக்கும் ஒரு பேஜாரும் இல்ல" என்கிறார். இந்தக் கல்வியாண்டு முடியும்வரை விடுப்பை நீட்டிக்கொள்ளலாமே. யோசியுங்கள்.

மாமாவுக்கு வணக்கம்.

ஏஞ்சல்


திருவள்ளூர்
மார்ச் 12

மரியே வாழ்க.

அன்பு ஏஞ்சலுக்கு, சுகம். உன் கடிதம் வந்தது. வகுப்பைப் பற்றி எழுதியதெல்லாம் படித்தேன்.

டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சான்று கொடுத்துவிட்டார். இனி விடுப்பு போட்டால் சம்பளம் கிடையாது. வரும் திங்கட்கிழமை நான் பள்ளிக்கு வருகிறேன். சாரிடம் போனில் சொல்லிவிட்டேன்.

நான் அனுப்பிய கணக்குத் தாள் தபாலில் வந்துசேர்ந்ததா என்று தெரியவில்லை. இல்லையென்றால் பரவாயில்லை.

அத்தை


கும்மிடிப்பூண்டி
ஏப்ரல் 12

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் நலம் அறிய ஆவல். பஸ்ஸில் போய்வர முடிகிறதா?

நீங்கள் பள்ளிக்குத் திரும்பிய திங்கட்கிழமை நாம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நீங்கள் இளைத்துப்போய் வாசலில் நின்றீர்கள். "பசங்க நோட்டெல்லாம் எங்க வெச்சிக்கிற?" என்று கேட்டீர்கள். பீரோவில் என்றேன். அதற்குள் "பெரிய டீச்சர் வந்துட்டாங்க" என்று எல்லோரும் உங்களிடம் ஓடிவிட்டார்கள். லிப்ஸா மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவளும் போனாள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். ஏறி மிதிக்கவில்லை.

பழைய கம்பெனியில் எடுக்கவில்லை. தமிழ்செல்வி சொல்லி வேறு இடத்தில், காண்டிராக்டில் சேர்ந்திருக்கிறேன். பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. அப்பா சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்தார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

உங்கள் கணக்குத் தாள் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் வழி போட்டு இதோடு வைத்திருக்கிறேன். தாமதம் என்னுடையது.

நிறைய யோசித்தேன். நீங்கள் தேறினால் அந்த வகுப்பு உங்களுடையது. தேறாமல் போனாலும் அது எனக்கு வராது. பட்டியலில் எங்கேயோ இருக்கும் யாருக்கோ போகும், அல்லது யாருமே இல்லாமல் கிடக்கும். அப்படிக் கிடந்தால் அந்தக் குழந்தைகள் என்ன செய்வார்கள்? அதனால் நீங்கள் தேற வேண்டும்.

எனக்கு ஞாயிறு விடுமுறை. பூசை முடிந்ததும் திருவள்ளூருக்கு வருகிறேன். கடிதத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது பாதி தூரம்தான் போகிறது. இனி தபால் குறையும்.

ஏஞ்சல்


திருவள்ளூர்
ஆகஸ்ட் 23

மரியே வாழ்க.

அன்பு ஏஞ்சலுக்கு, நலம். எல்லோர் நலத்துக்கும் ஜெபிக்கிறேன்.

நேரில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். போன ஞாயிறு நீ வந்தபோது மறுதேர்வின் ரிசல்ட் வந்திருந்தது. நான் தேறிவிட்டேன். உன்னிடம் சொல்ல வாயைத் திறந்தேன். நீ பையிலிருந்து அடுத்த பாடத்தை எடுத்து வைத்தாய். நானும் உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் படித்தேன். நீ போன பிறகு மாமா, "பாஸ் பண்ணவ எதுக்குப் படிக்கிற?" என்று கேட்டார்.

உனக்கு நான் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. என் சம்பளத்தைக் கொடுக்கலாம், வாங்க மாட்டாய். இடத்தைக் கொடுக்கலாம் என்றால் அது என்னுடையதில்லை. நிச்சயதார்த்தத்தில் நீ போதுமான அளவு கஷ்டப்பட்டுப் படிக்கவில்லை என்று சொன்னேன். அது பொய் என்று இப்போது பத்துப் பேர் முன்னால் சொல்லத் தயாராக இருக்கிறேன். ஆனால் அதனால் உனக்கு வேலை கிடைக்காது.

இன்னொன்று. நான் தேறியது தெரிந்து நம் மாவட்டத்திலிருந்து டீச்சர்கள் என்னைக் கேட்டார்கள், யாரிடம் படித்தீர்கள் என்று. என்னைவிட வயதானவர்களும் இருக்கிறார்கள். ஊத்துக்கோட்டையிலிருந்து ஒருவர், சோழவரத்திலிருந்து ஒருவர். அழுதுகொண்டே கேட்டார்கள். நான் உன்னைக் கேட்காமல் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். முடியாது என்றால் சொல். நானே அவர்களிடம் பேசிக்கொள்கிறேன்.

அத்தை


கும்மிடிப்பூண்டி
செப்டம்பர் 6

அன்புள்ள அத்தைக்கு,

நலம். தேறியதற்கு வாழ்த்துக்கள். எனக்கு அன்றே தெரியும், இணையத்தில் உங்கள் எண்ணைப் போட்டு நான்தான் முதலில் பார்த்தேன். வாழ்த்துச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் பாடத்தை எடுத்தேன்.

நீங்கள் சொன்ன டீச்சர்கள் இன்று காலை வந்தார்கள். ஏழு பேர். அப்பா பக்கத்து வீடுகளில் நாற்காலி வாங்கிப் போட்டார். அம்மா டீ போட்டார். ஊத்துக்கோட்டை அம்மாவுக்குக் கால் வீக்கம், அவர்களை மட்டும் கட்டிலில் உட்காரவைத்தோம். எல்லோர் மடியிலும் புது நோட்டு, புதுப் பேனா. அதில் ஒருவர் எனக்குப் பயிற்சிக் காலத்தில் வழிகாட்டி ஆசிரியராக இருந்தவர். நான் நடத்திய பாடத்துக்கு மதிப்பெண் போட்டவர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

இவர்கள் ஏழு பேரும் தேறினால் ஏழு வகுப்புகளும் அவர்களிடமே இருக்கும். அது எனக்குத் தெரிந்துதான் பலகையைத் துடைத்தேன். போட்டித் தேர்வுக்கு அடுத்த அறிவிப்பு வந்தால் நானும் விண்ணப்பிப்பேன். அதற்கு ஷிப்ட் இல்லாத நேரத்தில் படிக்க வேண்டும். அந்த நேரத்தைத்தான் இவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். அப்பா, "உனக்கு இன்னாம்மா லாபம் இதுல?" என்று கேட்டார். வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

நான் உள்ளே வந்தபோது ஏழு பேரும் எழுந்து நின்று, "குட் மார்னிங் டீச்சர்" என்று சேர்ந்து சொன்னார்கள். விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தார்கள். ஊத்துக்கோட்டை அம்மாவும் வீங்கிய காலோடு கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. நான் உட்காரச் சொல்வதற்காக எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

உட்காருங்கள் என்றேன்.

உங்கள்
ஏஞ்சல்